பேச்சை எடை போடும் தராசு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்னே போனவர்களுக்குத் தெரியும்: அங்கே மூக்குதான் முதலில் உள்ளே போகும், கால் அதற்குப் பின்னால்தான். மூட்டையை அவிழ்த்து மல்லிகை மொட்டைத் தராசில் கொட்டுவார்கள், கிலோ கணக்கில் விலை பேசுவார்கள். அதே மொட்டு சரமாகிக் கோயில் வாசலுக்கு வந்துவிட்டால் முழக் கணக்கு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி அது. அதன் மணம் ஒரே பொருளால் வருவதில்லை. லினலூல், பென்சைல் அசிடேட் என்று பல மூலக்கூறுகள் கலந்துதான் அந்த மணம் எழுகிறது. அந்தக் கலவையில் கொஞ்சமாகச் சேர்ந்து மணத்துக்குக் கனம் கொடுக்கிற ஒரு பொருள் உண்டு. அதன் பெயர் இண்டோல்.

நுண்ணுயிரியல் படிக்கச் சேர்ந்த முதல் வருடம், ஈ.கோலை பாக்டீரியாவை இரவு முழுக்க வளர்த்த குடுவையைக் காலையில் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. நாற்றம்தான். ஆனால் அந்த நாற்றத்துக்குள்ளே எங்கோ மல்லிகை இருந்தது. பிரமை என்று நினைத்து மறுபடி முகர்ந்தேன், இருந்தது. பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா, "அது இண்டோல், நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலையும் இதைத்தான் செய்யும்" என்றார். சாயங்காலம் வீட்டில் அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம்கூட ஆச்சரியம் வரவில்லை. "பூவை டப்பாவுல போட்டு மூடி வச்சு ரெண்டு நாள் கழிச்சுத் திறந்து பாரு, தெரியும்" என்றார். வாழ்நாள் முழுக்கப் பூக்கட்டிய மூக்கு. இண்டோல் கொஞ்சமாக இருந்தால் பூ, கூடுதலாக இருந்தால் கழிவு.

பூ ஏன் இதைச் செய்கிறது என்பது புரிகிறது. இரவில் மலர்கிற பூ, இரவில் பறக்கிற பூச்சிகளைக் கூப்பிடுகிறது. பாக்டீரியா ஏன் செய்கிறது? யாரைக் கூப்பிடுகிறது? அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று: கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் வெளியே விடுகிற, அதைவிடப் பல மடங்கு சின்னதான ஒரு பொருளை இன்னது என்று நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? இரண்டாவது கேள்விக்குப் பதில்: எடை போட்டு. மார்க்கெட்டில் செய்கிற அதே வேலைதான். தராசு மட்டும் வேறு. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர், தமிழில் நிறை நிறமாலைமானி. ஆய்வகத்தில் எல்லாரும் 'மாஸ் ஸ்பெக்' என்றுதான் சொல்வோம்.

தேர் இழுக்க எத்தனை கை வேண்டும்

முதலில் பாக்டீரியாவின் பேச்சு. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வரும்போது வடத்தைப் பத்துப் பேர் மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? தேர் அசையாது, பத்துப் பேரின் தெம்பும் வீண். வடம் முழுக்கக் கை நிறைந்த பிறகு இழுத்தால்தான் பலன். பாக்டீரியாவின் பல வேலைகளும் இப்படித்தான். ஒற்றைப் பாக்டீரியா விஷத்தை விட்டால் யாருக்கும் உறைக்காது. ஒற்றைப் பாக்டீரியா ஒளிர்ந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண் இல்லை, காது இல்லை, எண்ணத் தெரியாது. எப்படித் தெரியும்?

ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. தனியாக இருந்தால் அது தண்ணீரோடு போய்விடும். பக்கத்தில் பக்கத்தில் ஆயிரம், லட்சம் என்று சேர்ந்தால் அந்தப் பொருளின் அடர்த்தி ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும், புரதம் போய் மரபணுவைத் திறந்துவிடும். அவ்வளவுதான். யாரும் யாரையும் எண்ணவில்லை, ஆனால் எல்லாருக்கும் எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் சிலிர்க்கும்.

இது முதலில் தெரியவந்தது கடலில் ஒளிரும் பாக்டீரியாவில். ஹவாய் கடலில் ஒரு சின்னக் கணவாய் இருக்கிறது. அதன் உடம்பில் ஒளிக்கென்றே ஓர் உறுப்பு, அதில் விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியா குடியிருக்கும். இரவில் நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் கீழே விழாதபடி பாக்டீரியாவின் ஒளி மறைத்துவிடும். விடிந்ததும் கணவாய் அவற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், மிச்சம் இருப்பவை மறுபடி பெருகும். கூட்டம் சேர்ந்தால் மட்டுமே இவை ஒளிர்கின்றன என்பதையும், அதற்குக் காரணம் அவையே வெளிவிடும் ஒரு பொருள் என்பதையும் 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் எழுதினார்கள். அந்தப் பொருள் எது என்று தெரிய மேலும் பதினோரு வருடம் ஆயிற்று. 1981-இல் எபர்ஹார்டும் கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைச் சொன்னார்கள், சொல்ல உதவிய கருவிகளில் மாஸ் ஸ்பெக்கும் ஒன்று. 10 கார்பன், 15 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 4 ஆக்சிஜன், எடை 213. வேதியியல் பெயர் நீளமானது. இந்தக் குடும்பத்தை ஹோமோசெரின் லாக்டோன் என்பார்கள், இந்தக் கட்டுரையில் 'லாக்டோன்' என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வளையத் தலை, அதில் தொங்கும் ஒரு கார்பன் வால். வேறு வேறு பாக்டீரியா வேறு வேறு நீளத்தில் வால் வைத்துக்கொள்ளும்.

எல்லா நுண்ணுயிரும் லாக்டோன் மொழி பேசுவதில்லை. பாலிலும் மோரிலும் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் சில வகைகள் நைசின் என்ற சிறு புரதத்தைச் செய்கின்றன. அது மற்ற பாக்டீரியாவைக் கொல்லும் ஆயுதம், அதுவே தன் இனத்துக்கு 'இன்னும் செய்யுங்கள்' என்ற சேதியும்கூட. வெயில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது வருகிற மண்வாசனை ஜியோஸ்மின், மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா செய்வது. அது ஸ்பிரிங்டெயில் என்கிற சின்னஞ்சிறு மண் பூச்சிகளைக் கூப்பிடுகிறது என்றும், பூச்சி வந்து பாக்டீரியாவைத் தின்றுவிட்டு அதன் வித்துகளைச் சுமந்துபோய்ப் பரப்புகிறது என்றும் 2020-இல் காட்டினார்கள். நமக்குக் கவிதையாகத் தெரிகிற வாசனை, பூச்சிக்குச் சாப்பாட்டு மணி.

தட்டே இல்லாத தராசு

இப்போது தராசுக்கு வருவோம். ஓர் இண்டோல் மூலக்கூறில் 8 கார்பன், 7 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன். கார்பன் ஒன்றுக்கு 12, ஹைட்ரஜனுக்கு 1, நைட்ரஜனுக்கு 14. கூட்டினால் 96, 7, 14. மொத்தம் 117. இந்த அலகுக்கு டால்டன் என்று பெயர். கிராமில் எழுத வேண்டுமென்றால் தசமப் புள்ளிக்குப் பின் 21 பூஜ்யம் போட்டு அப்புறம் 19 என்று எழுத வேண்டும். இதை எந்தத் தட்டில் வைப்பது?

தட்டில் வைக்க வேண்டாம், தள்ளிவிட்டுப் பார்க்கலாம். பூக்கூடை ஏற்றிய தள்ளுவண்டியையும் அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியையும் ஒரே பலத்தில் தள்ளினால் எது வேகமாகப் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடுகிற வேகத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம். மூலக்கூறைக் கையால் தள்ள முடியாது, மின்புலத்தால்தான் தள்ள வேண்டும். மின்புலம் தள்ள வேண்டுமானால் மூலக்கூறுக்கு மின்னூட்டம் இருக்க வேண்டும், அதாவது அது அயனி ஆக வேண்டும். ஆகவே எல்லா மாஸ் ஸ்பெக்கும் செய்வது மூன்று வேலை: மின்னூட்டம் ஏற்றுவது, எடைப்படி பிரிப்பது, வந்து சேர்ந்ததை எண்ணுவது.

கணக்குப் பார்த்தால் சுவாரசியம். 117 எடையுள்ள ஓர் அயனியை 20,000 வோல்ட்டில் தள்ளினால் அது நொடிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். மதுரையில் புறப்பட்டு ஒரே நொடியில் திருச்சியைத் தாண்டிவிடும். ஆனால் அது ஓடுவது ஒரு மீட்டர் குழாய்க்குள்தான், அதைக் கடக்க ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஐந்தரைப் பங்கு ஆகும். நான்கு மடங்கு எடையுள்ள அயனிக்கு இரண்டு மடங்கு நேரம், அதாவது பதினொரு பங்கு. அந்த நேரத்தைக் கருவி அளக்கிறது, நேரத்திலிருந்து எடை. இது ஒரு வகைத் தராசு. மின்புலத்தில் ஆட்டி வடிகட்டுவது, சுற்றவிட்டு அதிர்வை அளப்பது என்று வேறு வகைகளும் உண்டு. அடிப்படை ஒன்றுதான்.

குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது. தீபாவளிக்கு முதல் நாள் விளக்குத்தூண் கடைவீதியில் யாராவது ஓட முடியுமா? நான்கு அடிக்கு ஒருவர்மேல் மோதுவார்கள். காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஓடும் அயனிக்கும் அதே கதிதான். அதனால்தான் எந்நேரமும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் போனால் கருவியைப் பார்த்துக்கொள்பவர் முகம் வெளிறும்.

இதன் கதை நூறு வருடம் தாண்டியது. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவை இப்படி ஓடவிட்டபோது 20-இல் ஒரு கோடும் 22-இல் ஒரு கோடும் விழுந்தன. ஒரே தனிமத்துக்கு இரண்டு எடை. அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் 1919-இல் நல்ல கருவி கட்டி அதை உறுதிசெய்தார், 1922-இல் வேதியியல் நோபல் பெற்றார். ஆனால் உயிரியல்காரர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் வெளியேதான் நின்றார்கள். காரணம், மின்னூட்டம் ஏற்ற வேண்டுமானால் பொருளை ஆவியாக்கி, அதன்மேல் எலக்ட்ரானை மோதவிட வேண்டும். சின்ன, ஆவியாகிற பொருள்கள் தாங்கும். புரதம் போன்ற பெரியவை ஆவியாகும் முன்பே கருகும், இல்லாவிட்டால் உடையும்.

அதை மாற்றியவர்கள் இருவர், 2002-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஜான் ஃபென் செய்தது: கரைசலை ஊசிமுனை வழியாகச் சில ஆயிரம் வோல்ட்டில் தெளிப்பது. துளி காயக் காயச் சுருங்கும், கரைப்பான் போய்விடும், மின்னூட்டம் மட்டும் மூலக்கூறின்மேல் தங்கிவிடும். கோயிச்சி தனக்கா செய்தது: வேறொரு பொருளோடு கலந்து லேசரால் தட்டி எழுப்புவது. அவர் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பொறியாளர், முனைவர் பட்டம்கூட இல்லை. கோபால்ட் தூளில் தவறுதலாகக் கிளிசரின் கலந்துவிட்டது, வீணாக்க மனமில்லாமல் அதையே போட்டுப் பார்த்தார், வேலை செய்தது. மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

தெளிக்கும் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலக்கூறின்மேல் ஒரு புரோட்டான் ஏறிக்கொள்ளும், ஆகவே 213 எடையுள்ள லாக்டோன் திரையில் 214-ஆகத் தெரியும். நைசின் போன்ற பெரியவற்றில் மூன்று, நான்கு, ஐந்து புரோட்டான் ஏறும். கருவி காட்டுவது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. சுமார் 3354 எடையுள்ள நைசின் ஒரே ஆள்தான், ஆனால் 1119, 839.5, 672 என்று மூன்று இடத்தில் தலைகாட்டும். புதிதாகப் படிப்பவர்கள் மூன்று பொருள் என்று எழுதிவிடுவார்கள். மூன்றையும் அதனதன் மின்னூட்டத்தால் பெருக்கி, ஏறிய புரோட்டான்களைக் கழித்தால் ஒரே எடைக்கு வந்து சேரும்.

ஆவியாகிற பொருள்களுக்குப் பழைய முறையே போதும். இண்டோலை எலக்ட்ரான் மோதி அயனியாக்கினால் 117-இல் உயரமான முகடு எழும். நாங்கள் பீக் என்போம். கூடவே 90-இல் ஒன்று, 27 எடையுள்ள துண்டு கழன்றுபோன மிச்சம். மல்லிகையிலிருந்து எடுத்தாலும் ஈ.கோலையிலிருந்து எடுத்தாலும் அதே 117, அதே 90. ஜியோஸ்மின் இப்படி அடங்கி நிற்பதில்லை. அதன் எடை 182, ஆனால் மோதலில் பெரும்பாலும் உடைந்துபோய் 112-இல்தான் பெரிய பீக் தரும். அதனால் குடிநீரில் மண்வாடை தேடுபவர்கள் 182-ஐ விட்டுவிட்டு 112-ஐத் தேடுவார்கள். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு ஜியோஸ்மினைக் கண்டுபிடித்துவிடும். கருவிக்கு அந்த அளவை எட்ட, தண்ணீரிலிருந்து அதை முதலில் செறிவாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

210 கிலோவில் 26 கிராம்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நெல் விவசாயிகளிடம் 'சூடோமோனாஸ்' என்று சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். விதைக்கும் முன் கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைநேர்த்தி செய்கிற பொடி. அதில் உயிரோடு இருப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். இந்த இனத்தின் சில வகைகள் வேர்ப் பக்கத்தில் குடியேறி, நோய்ப் பூஞ்சையை அடக்கும் ஒரு பொருளை வெளிவிடும். சுருக்கமாக டி.ஏ.பி.ஜி. என்பார்கள். அது எதிரியைக் கொல்வதோடு, அதே பாக்டீரியாவுக்குத் 'தொடர்ந்து செய்' என்ற சமிக்ஞையாகவும் இருக்கிறது. எடை 210.

அதே சூடோமோனாஸ் குடும்பத்தில் இன்னொருவர், சூடோமோனாஸ் ஏருஜினோசா. தீக்காயத்திலும் ஆறாத புண்ணிலும் குடியேறிச் சீழை நீலப்பச்சையாக்கும் கிருமி. அந்த நிறம் பயோசயனின் என்ற பொருளால் வருவது. அதுவும் ஆயுதம், அதுவும் சமிக்ஞை. எடை? அதுவும் 210.

ஒன்று வயலைக் காப்பது, இன்னொன்று நோயாளியை வாட்டுவது, தராசில் இரண்டும் ஒன்று. சாதாரணத் தராசு இங்கே கைவிரித்துவிடும். ஆனால் முன்னால் நான் போட்ட கணக்கு முழுமையானது இல்லை. கார்பனின் எடையைச் சரியாக 12 என்று வரையறுத்துக்கொண்டோம், மற்றவை முழு எண்ணில் நிற்பதில்லை. ஹைட்ரஜன் 1.0078, நைட்ரஜன் 14.0031, ஆக்சிஜன் 15.9949. அணுக்கருவைக் கட்டிவைக்கும் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடுவதால் வரும் சில்லறை இது. டி.ஏ.பி.ஜி.யில் 10 கார்பன், 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். கூட்டினால் 210.0528. பயோசயனினில் 13 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். கூட்டினால் 210.0793. இப்போது வித்தியாசம் தெரிந்துவிட்டது, 0.0265. மார்க்கெட் கணக்கில் சொன்னால் 210 கிலோ சரக்கில் 26 கிராம், ஒரு கைப்பிடிப் பூ. இன்றைய நல்ல கருவிகள் 210 கிலோவில் ஒரு கிராம் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். அந்தச் சில்லறையிலிருந்தே எந்த அணு எத்தனை என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். முழு எண்ணைவிடச் சில்லறையில்தான் சேதி இருக்கிறது.

சரி, அணுக்களும் ஒன்றாகவே இருந்து, கோத்த விதம் மட்டும் வேறாக இருந்தால்? அப்போது சில்லறையும் உதவாது, உடைத்துப் பார்க்க வேண்டும். கருவி ஒரே ஓர் எடையை மட்டும் பிடித்து நிறுத்தி, வாயுவில் மோதவிட்டு உடைக்கும், துண்டுகளை மறுபடி எடை போடும். லாக்டோன்களை உடைத்தால் வால் என்ன நீளமாக இருந்தாலும் தலை மட்டும் 102-இல் வந்து விழும். ஆகவே புதிய பாக்டீரியா ஒன்றில் லாக்டோன் உண்டா என்று தேடுபவர், உடைத்தால் 102 தருகிறவர்கள் யார் யார் என்று கேட்டால் போதும், குடும்பமே எழுந்து நிற்கும். அடுத்தடுத்த பீக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் பேசும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா செய்கிற சர்ஃபேக்டின் என்ற பொருள் 1008, 1022, 1036 என்று வரிசையாக வரும். 14, 14 வித்தியாசம். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கண்ணி, வாலில் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகிறது.

இதைப் பெரிய அளவில் செய்வதற்கு ஜி.என்.பி.எஸ். என்ற இணையத்தளம் இருக்கிறது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் உருவானது, 2016-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. ஒரே மாதிரித் துண்டுகள் தருகிற மூலக்கூறுகளைக் கோடு போட்டு இணைத்து வலையாகக் காட்டும். பங்காளிகளை ஒரே தெருவில் குடிவைத்ததுபோல. தெருவில் ஒருவரைத் தெரிந்தால் மற்றவர்கள் யாராக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். காசு கேட்பதில்லை. கருவி வாங்கக் கோடிக்கணக்கில் வேண்டும், ஆனால் மற்றவர்கள் அங்கே பொதுவில் வைத்த தரவைத் திருமங்கலத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்து ஆராயலாம். மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

குடுவையிலிருந்து திரைவரை

பாக்டீரியாவை வளர்த்த ஊட்டக் கரைசலை, அதாவது மீடியத்தை, அப்படியே கருவியில் ஊற்ற முடியாது. உப்பு, சர்க்கரை, புரதம் என்று ஆயிரம் பொருள் இருக்கும். பல சமிக்ஞைகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்பவை, மற்றவற்றின் கூச்சலில் அவை அமுங்கிவிடும். முதலில் பாக்டீரியாவைச் சுழற்றிப் பிரித்துவிட்டு, மீடியத்தை எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் குலுக்கினால் லாக்டோன் அதில் ஏறிக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். பிறகு பத்தி (காலம்) என்ற ஒடுங்கிய குழாய் வழியாக ஓடவிட்டால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நிமிடத்தில் வெளியே வரும். ஆவியாகிறவற்றுக்கு வாயுப் பத்தி, மற்றவற்றுக்குத் திரவப் பத்தி. ஆகவே ஒரு பொருளுக்கு இரண்டு அடையாளம்: எத்தனையாவது நிமிடம், எவ்வளவு எடை. பூவுக்கு முழமும் கிலோவும்போல.

லாக்டோனுக்கு ஓர் எதிரி உண்டு, காரத்தன்மை. மீடியம் வளர வளரக் காரமாகிக்கொண்டு போனால் வளையத் தலை தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு திறந்துவிடும், எடை 18 கூடிவிடும். 214-இல் தேடினால் ஒன்றும் இருக்காது, 232-இல் நிற்கும். திறந்த வளையம் சமிக்ஞையாக வேலை செய்யாது, பாக்டீரியாவுக்கும் அது செத்த சேதிதான். ஆகவே எடுக்கும்போது கொஞ்சம் அமிலம் சேர்க்க வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். சித்திரை மாதத்தில் இங்கே மாதிரியை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

என் முதல் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தியபடி ராத்திரி பஸ்ஸில் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். மண்ணிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியா வெளிவிடும் வாசனைப் பொருள்களைத் தேடுவதுதான் திட்டம். முடிவு வந்தபோது 149-இல் பனைமரம்போல ஒரு பீக். மூன்று நாள் தூக்கம் இல்லை, புதிய சமிக்ஞை கண்டுபிடித்துவிட்டேன் என்று. நான்காம் நாள் கருவி இயக்குபவர் பொறுமையாக, "தம்பி, எந்தக் குழாயில கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். சாதாரண பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட் கரைப்பானில் இறங்கியிருந்தது, அதன் அடையாளமே 149. வெறும் மீடியத்தை, பாக்டீரியா போடாமல், அதே குழாயில், அதே கரைப்பானில் அதே வழியாகக் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கு பிளாங்க் என்று பெயர், நான் அதை எடுத்துப்போகவில்லை. அன்றுமுதல் கண்ணாடிக் குழாய் இல்லாமல், பிளாங்க் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. 44, 44 என்ற இடைவெளியில் சீப்புப் பற்கள்போல வரிசை வந்தால் அதுவும் பாக்டீரியா இல்லை, சோப்பிலும் கிரீமிலும் இருக்கும் பாலி எத்திலீன் கிளைக்கால்.

இன்னொரு வழி, பிரித்தெடுக்காமலே பார்ப்பது. இரண்டு பாக்டீரியாவை மெல்லிய அகார் என்ற கூழ்த் தளத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, காயவைத்து, லேசரால் புள்ளிக்கோலம் வைப்பதுபோல வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அங்கே இருக்கும் எடைகளின் முழுப் பட்டியல் கிடைக்கும். அப்புறம் ஏதாவது ஓர் எடையைச் சொன்னால், அது எங்கே அதிகம் எங்கே குறைவு என்று கணினி வண்ணக்கோலமாக வரைந்து காட்டும். 2009-இல் பேசில்லஸ் சப்டிலிஸும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக வளர்ந்தபோது, யார் எந்தப் பொருளை எந்தப் பக்கம் விடுகிறார்கள் என்று இப்படிப் படம் பிடித்தார்கள். எது சண்டை, எது எட்டிப் பார்ப்பது என்று தெருவையே மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். (மருத்துவமனைகளில் கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்க லேசர் மாஸ் ஸ்பெக் வைத்திருக்கிறார்கள். அது பார்ப்பது சமிக்ஞைகளை இல்லை, 2,000 முதல் 20,000 டால்டன்வரை உள்ள புரதங்களின் வரிசையை.)

எடை சொல்லாதது

தராசு, பூ இவ்வளவு கிலோ என்று சொல்லும். அது கல்யாணத்துக்குப் போகிறதா, மாலையாகித் தத்தனேரி சுடுகாட்டுக்குப் போகிறதா என்று சொல்லாது. மாஸ் ஸ்பெக்கும் அப்படித்தான். 214 இருக்கிறது என்று சொல்லும். அது சேதியா, கழிவா, யாருக்கான சேதி என்பதை நாம்தான் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவிடம் போய்க் கேட்க வேண்டும். இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். நீண்ட பட்டியல் ஒன்றை அச்சிட்டு 'இவை சமிக்ஞைகள்' என்று தலைப்புக் கொடுத்தால் அது முடிவு ஆகாது.

கேட்க எளிய வழிகளும் இருக்கின்றன. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா கூட்டம் சேர்ந்தால் ஊதா நிறமாகும். அதில் சி.வி. 026 என்ற வகை, சொந்தமாக லாக்டோன் செய்யத் தெரியாதபடி மரபணு முறிக்கப்பட்டது. வெளியிலிருந்து கொடுத்தால் புரிந்துகொள்ளும், தானாகப் பேசாது. அதன் பக்கத்தில் நம் பாக்டீரியாவை வளர்த்தால், நம்முடையது குட்டை வால் லாக்டோன் விடுகிறதா என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். தட்டில் ஊதா படர்ந்தால் ஆமாம். கோடி ரூபாய்க் கருவி வேண்டாம், ஓர் இன்குபேட்டர் போதும். எந்த லாக்டோன் என்று கேட்க மட்டும் மாஸ் ஸ்பெக்கிடம் போகலாம். நான் மாணவர்களை இந்த வரிசையில்தான் போகச் சொல்கிறேன்.

அதைவிட உறுதியான வழி, பேச்சைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பது. ஈ.கோலை இண்டோலைச் செய்வது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து, டிரிப்டோபனேஸ் என்ற ஒரே நொதியால். அந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய ஈ.கோலை உண்டு. அதுவும் நன்றாக வளரும், குடுவை அதேபோலக் கலங்கும். ஒரு குடுவையில் சாதாரண ஈ.கோலை, இரண்டாவதில் மரபணு நீக்கியது, மூன்றாவதில் மரபணு நீக்கியதோடு கடையில் வாங்கிய தூய இண்டோல். முதலாவது எப்படி நடந்துகொள்கிறது, கண்ணாடியில் எவ்வளவு படலம் கட்டுகிறது, மருந்தை எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். இரண்டாவதில் அது மாறி, மூன்றாவதில் பழையபடி திரும்பினால், அந்த மாற்றத்துக்கு இண்டோல்தான் காரணம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. நான்காவதாக வெறும் மீடியம், என் பிளாங்க்.

நான்கையும் கருவிக்குக் கொடுத்தால் முதலாவதிலும் மூன்றாவதிலும் 117 எழும்பி நிற்கும். நான்காவதில் அந்த இடம் தட்டையாக இருக்கும். கலங்கிய, நன்றாக வளர்ந்த இரண்டாவது குடுவையிலும் அதே தட்டைக் கோடுதான், மூடியைத் திறந்து முகர்ந்தால் மல்லிகை இருக்காது.